திரைக்கு அந்தப் பக்கம் வானொலி

என் கணவர் வானொலியோடு சண்டை பிடிக்கிறவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தால், தோல் உறை போட்ட ட்ரான்சிஸ்டரைச் சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்து, அதற்கு நேர் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வாரத்துக்கு ஒருமுறை வருகிற ஓர் உரையாடல் நிகழ்ச்சி அது. முதலில் அரசியல், பிறகு கலை பண்பாடு, கடைசியில் விஞ்ஞானம். நாலைந்து பேர் கூடிக் கதைப்பார்கள். அவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பது போல இவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லுவார்.

"அது பிழை. நீங்க சொல்றது சரியான பிழை" என்று மேசையில் தட்டுவார்.

"இஞ்ச கத்தினா அவங்களுக்குக் கேக்கவா போகுது?" என்று நான் அடுப்படியிலிருந்து சத்தம் போடுவேன்.

"கேக்காட்டி அது அவங்கட நட்டம்" என்பார்.

கல்முனைக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு புடவைக்கடை வைத்திருந்தார். நிந்தவூரில் பிறந்து, எங்கள் ஊர் வழக்கப்படி என்னைக் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு வந்தவர். எதைச் சொல்வதற்கு முன்னும் தொண்டையைச் செருமுவார். இரண்டு தடவை சின்னதாக, கொஞ்சம் நிறுத்தி இன்னுமொரு தடவை. வானொலிக்குப் பதில் சொல்லவும் அதுதான், கறியில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லவும் அதுதான். செருமல் கேட்டவுடனேயே "என்ன குறை இண்டைக்கு?" என்று நான் முந்திக்கொள்வேன். அவருக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பகுதியில் பெரிய கலவரங்கள் இன்னும் வரவில்லை. அந்த நிகழ்ச்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர் ஆட்களை வைத்து ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருந்தார்கள். கல்முனைக்கும் வருகிறார்கள் என்று கடைத்தெருவில் கேள்விப்பட்ட அன்று, என் கணவர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தார். தன் பெயரையும் கொடுத்துவிட்டாராம். சாகாமத்துக் குளத்துத் தண்ணீரைப் பற்றிக் கதைக்கப் போகிறாராம். அவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது, வாய்க்காலின் கடைசியில். மேலே உள்ளவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடிய, மிச்சமிருந்தால்தான் இவருக்குத் தண்ணீர். பங்கிடும்போது யார் சொல்லுக் கேட்கப்படுகிறது, யாருடையது கேட்கப்படுவதில்லை என்று அவருக்கு நெடுநாளாக நெஞ்செரிச்சல்.

ஒரு கிழமை முழுக்க வீட்டில் ஒத்திகைதான். நான் அகப்பையை மைக் மாதிரி அவர் வாய்க்கு முன்னால் பிடிப்பேன். எங்கள் மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். அவளும் வந்து அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்ப்பாள். அவர் செருமுவார். நான் சிரித்துவிடுவேன்.

"இத மட்டும் அங்க செய்யாதீங்க. ஊரெல்லாம் கேக்கும்."

"செருமாட்டி எனக்குக் கதை வராது புள்ள."

ஒலிப்பதிவு நாளில் வெள்ளைச் சேர்ட்டும் மடிப்புக் கலையாத புதுச்சாரமுமாகப் போனார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். பாடசாலை மண்டபம் நிறைய ஆட்களாம், இவர் கதைத்து முடிய நன்றாகக் கைதட்டினார்களாம். பிறகு, வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி மருந்துகளைப் பற்றி ஒரு டொக்டர் கதைத்தபோது அவரிடமும் ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தாராம், நேரமில்லை என்று இருத்திவிட்டார்களாம். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒலிபரப்பாகும் என்று நிகழ்ச்சி நடத்துபவர் சொன்னாராம். கடைக்கு வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. சீலை வாங்க வந்த பெண்களிடம் கூட, கட்டிக் கொடுக்கும்போது சொல்லி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமையை அவர் காணவில்லை. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து, சீலைகளை எடுத்து வெளியே தொங்கவிட்டு, நெஞ்சை நோவுகிறது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரி கூப்பிடுதூரம். அதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

ஜனாஸா எடுத்த அன்றே நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அதை இன்னும் இறுக்கி வைத்திருந்தார்கள். உள்ளறைக்குத் திரை போட்டார்கள். யன்னலைச் சாத்தினார்கள். அன்னிய ஆணை நான் பார்க்கக் கூடாது, அன்னிய ஆண் என்னைப் பார்க்கக் கூடாது, அவன் குரலும் என் காதில் விழக் கூடாது. மீன்காரன் தெருவில் கூவினால், சத்தம் போடாமல் போகச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். மார்க்கத்தில் உள்ளது எவ்வளவு, ஊர் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இதையெல்லாம் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தவர் மாமி, என் கணவரின் உம்மா. மகன் மௌத்தான அன்று நிந்தவூரிலிருந்து வந்தவர், இத்தா முடியும்வரை போகமாட்டேன் என்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். தன் மகனுக்கு நான் செய்யவேண்டிய கடைசிக் கடமையில் ஒரு குறையும் வரக் கூடாது என்பது அவர் எண்ணம். வந்த அன்றே வானொலியை எடுத்து, ஒரு துவாயால் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார். அவருக்கு அந்தப் பெட்டி, வாய் ஓயாத ஆண்கள் நிறைந்த ஒரு வீடு.

எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். அந்த வெள்ளிக்கிழமை. அவருடைய குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. எங்களிடம் பதிவு செய்கிற கருவி கிடையாது. படம் இருந்தது, கலியாணத்தில் எடுத்தது, அது கதைக்காது. மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்று நான் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அவளுக்கு நினைவிருக்காது என்று தெரியும். ஆனாலும் அவள் காதிலும் விழுந்ததென்று பிறகு சொல்லலாம் அல்லவா?

என் உம்மாவிடம் சொன்னேன். உம்மா மாமியிடம் கதைத்தார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் எல்லாம் கேட்டேன்.

"மௌத்தோட நிக்காஹ் அறுந்து போச்சி. இனி அவனும் அவளுக்கு அன்னியன்தான்" என்றார் மாமி. பெற்ற தாய் வாயால் அது வந்தது.

உம்மா விடவில்லை. "மவுத்தான புருசன்ட மையித்தைக் குளிப்பாட்டப் பொண்டாட்டிக்கு ஹக் இரிக்கி. தொட்டுக் குளிப்பாட்டலாமாம், கொரலைக் கேக்கப் படாதாமா? நீங்க சொல்றது நியாயமா மச்சி?"

மாமி சொன்னார்: "அவன்ட கொரல் சரி. மத்த ஆம்புளையள்ட கொரல்? அந்தப் பொட்டிக்குள்ள எத்தினை பேர் கதைப்பாங்க?"

இரண்டு நாள் இதே கதையாகக் கிடந்தது. கடைசியில் மாமியே ஒரு வழி சொன்னார். வானொலியைத் திரைக்கு வெளியே வைப்பது. சத்தத்தை நன்றாகக் குறைத்து, மாமி காதோடு வைத்துக் கேட்பது. மற்றவர்கள் கதைக்கும்வரை எனக்கு ஒன்றும் கேட்காது. மகன் குரல் வந்ததும் அவர் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவார். அவன் முடிக்க, குறைத்துவிடுவார்.

"என்ட புள்ளைட கொரல் எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் கணக்கில் அதில் ஓட்டையே இல்லை. என் கணக்கிலும் இல்லை. நான் சந்தோசப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பற்றறியை வெயிலில் காயவைக்கச் சொன்னேன். நிலையத்தைத் தேடித் தடுமாறக் கூடாதென்று, முள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை உம்மாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அசர் தொழுது முடித்து, நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு திரையோடு ஒட்டி உட்கார்ந்தேன். திரை பழைய வெள்ளைச் சீலை. அதற்கு அந்தப் பக்கம் மாமி தரையில் குந்தியிருப்பதும், பெட்டியைக் காதோடு சேர்த்துப் பிடித்திருப்பதும் நிழலாகத் தெரிந்தன. உம்மா நிலைப்படியில் நின்றார்.

பெட்டிக்குள்ளிருந்து எறும்பு ஊர்வது போல ஒரு முணுமுணுப்பு மட்டும் வந்தது. ஒருவர் கதைக்கிறார் என்று தெரிந்தது, யார், என்ன என்று தெரியவில்லை. மகள் கையைக் காலை அடித்தாள். நான் அவள் வாயில் விரலை வைத்தேன். மாமி அசையவில்லை. முதற்பகுதி முடிந்து இசை போட்டார்கள், அது மெல்லக் கேட்டது. அரசியல் முடிந்துவிட்டது. தண்ணீர்ப் பங்கீடு அதற்குள்தான் வந்திருக்க வேண்டும்.

"மாமி, வரல்லயா?"

"இல்ல. பொறு புள்ள."

மறுபடி முணுமுணுப்பு. ஊர்ப் பெண்களின் கவியைப் பற்றி யாரோ கதைத்ததாகப் பிறகு மாமி சொன்னார். மறுபடி இசை. இனி விஞ்ஞானம்தான். அவரை அதில் சேர்த்திருப்பார்கள், இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அல்லாஹ்விடம் அவ்வளவு கெஞ்சி நான் வேறொன்றும் கேட்டதில்லை.

திடீரென்று மாமியின் நிழல் குலுங்கியது. குமிழைத் திருகினார். வீடு முழுக்க ஒரு குரல் பாய்ந்தது. "...மருந்தடிக்கும்போது காற்று வீசும் திசையைப் பார்க்க வேண்டும்..." அது டொக்டர். தெளிந்த, படித்த, அன்னியக் குரல். மகள் பயந்து அழத் தொடங்கினாள். மாமி குமிழைத் திருப்பிக் குறைக்கவில்லை. அந்தக் குரல் முடியும்வரை, பிறகு நிகழ்ச்சி நடத்துபவர் நன்றி சொல்லி முடிக்கும்வரை, வீடு அதிர ஓடவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் அன்னிய ஆண்குரல்கள் அவை. காவல் காத்தவரே கதவைத் திறந்து விட்டிருந்தார்.

உம்மாதான் ஓடிவந்து பெட்டியை நிறுத்தினார். "மருமகன் கதைக்கவே இல்லையே. எங்க போச்சி அவர் கதைச்சது?"

மாமி பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி இருந்தார். நான் திரையை விலக்கினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"செருமினான் புள்ள."

"என்ன?"

"அந்த டொக்டர் கதைச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள, பின்னால செருமினான். இப்ப கதைக்கப் போறான் எண்டு நெனச்சித்தான் திருகின. திருகக்குள்ள போயிற்றான்."

டொக்டரிடம் கேட்க வாயெடுத்த கேள்வி. அவர் கதைத்தது முழுவதையும் எடுத்துவிட்டு, கதைக்கக் கிடைக்காத இடத்தில் அந்தச் செருமலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நேரம் போதாமல் இருக்கலாம். தண்ணீர்க் கதை யாருக்காவது பிடிக்காமல் இருக்கலாம். இத்தா முடிந்த பிறகு ஆள்மூலம் விசாரித்தேன். ஒலிநாடாவை அழித்து அதன் மேலேயே வேறு பதிந்துவிட்டார்களாம். அப்படித்தான் வழக்கமாம்.

மாமியை நான் மன்னிக்க நெடுநாள் சென்றது. மாமி கேட்ட அந்தச் செருமலை நானும் கேட்டிருக்கலாம், திரைக்கு ஒரு முழம் அந்தப் பக்கம்தான். அந்தக் கோபத்தில் அவரோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்காமலே இத்தாவின் மிச்ச நாட்களைக் கழித்தேன். மாமி துவாயை எடுத்துக் கொடியில் காயப்போட்டார், வானொலியைச் சாப்பாட்டு மேசையில் அதன் பழைய இடத்திலேயே வைத்தார். யாரும் அதைத் திறக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, மாமி நோயில் விழுந்து நிந்தவூரில் கிடந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். மகள் பாடசாலை போகிற வயது. வழியெல்லாம் வாப்பா எப்படிக் கதைப்பார் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கே அப்போது அந்தக் குரல் தேய்ந்துகொண்டு வந்தது. சொற்கள் நினைவிருந்தன, சத்தம் நினைவில்லை. அந்தப் பயத்தில்தான் மாமியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டேன்.

"மாமி, அண்டைக்கு அவர் எப்படிச் செருமினார்?"

மாமி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் உயர்த்தி, செருமிக் காட்டினார். இரண்டு தடவை, சின்னதாக. நான் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. வானொலிக்காரர்கள் அங்கேயே வெட்டிவிட்டார்களோ, மாமிக்கு மூச்சுப் போதவில்லையோ தெரியாது. நோயாளி ஒருத்தியின் வறண்ட தொண்டைச் சத்தம் அது. அவருடையது போல இல்லவே இல்லை.

"இப்படித்தான் புள்ள. சரியா?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் மாமி, அப்படியேதான்" என்றேன். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.