அரிப்பை அடக்கிய துபாய் க்ரீம்

“…அரிப்புதான் நின்னு போச்சே சார், அப்புறம் எதுக்கு டாக்டரு? தம்பி துபாய்லேர்ந்து கொணாந்த க்ரீமு இது. சும்மாவா?”

கோட்டக்குப்பம் ஜாபர் பாய் இப்படித்தான் என் வாயை அடைத்தார். கல்யாண பிரியாணி என்றால் திண்டிவனம் வரை அவர்தான் மாஸ்டர். அடுப்பு வெக்கையில் வேர்த்து வேர்த்து இரண்டு கையிலும் படர்தாமரை. க்ரீம் தடவினால் அடங்கும். விட்டால்… தோள் வரை ஏறும்.

வளைகுடாவிலிருந்து வந்த பொருள் என்றால் நம் ஊரில் தனி மரியாதைதானே? அந்த டியூப் தெரு முழுக்கக் கைமாறியது.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவர் கையைப் பார்த்துவிட்டு, “வேற ஆள் பாத்துக்கிறோம் பாய்” என்றார்கள். அப்புறம் ஆர்டரே வரவில்லை. தொழிலே போய்விடுமோ என்ற பயத்தில்தான் என்னோடு விழுப்புரம் வந்தார்.

தோல் டாக்டரம்மா டியூபைத் திருப்பிப் பார்த்தார். “இதுல ஸ்டீராய்டு இருக்கு பாய். நம்ம நோய் எதிர்ப்பு செல்லுங்க மேல சில புரதம் இருக்கு. பூஞ்சை வந்தா அதுதான் கண்டுபிடிக்கும். உள்ள இருக்கிற புரதம் சேதி சொல்லி ஆள் கூப்பிடும். எவ்ளோ ஆன்டிபாடி செய்யணும், எப்ப நிறுத்தணும்னு சொல்றதுக்கும் புரதங்க இருக்கு. இந்த க்ரீம், கூப்பிடுற வாயையே மூடிடுது. சண்டை நிக்குது, அரிப்பு நிக்குது. பூஞ்சை ஜாலியா வளருது.”

“அப்போ… வாட்ச்மேனுக்கு நானே தூக்க மாத்திரை குடுத்துக்கினு இருந்தேனா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பூஞ்சைக்கு மாத்திரை எழுதினார். துண்டு, லுங்கி எல்லாம் தனியாகத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். “க்ரீமை நிறுத்தினதும் அரிப்பு ஜாஸ்தியாகும். பொறுத்துக்கணும்.”

ஆனது.

“பேஜாரா கீது சார். ஒரே ஒரு வாட்டி தடவிக்கட்டா?” — போனில் கெஞ்சினார்.

“தடவினா மறுபடி மொதல்லேர்ந்துதான் பாய்.”

தடவவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். வட்டங்கள் ஒவ்வொன்றாக மங்கின.

யோசித்துப் பாருங்கள். அரிப்பு என்பது காவல்காரன் போடும் கூச்சல். அவன் வாயைப் பொத்திவிட்டு, ‘அப்பாடா, அமைதி’ என்கிறோம். வீட்டிலும் ஆபீசிலும் வேறென்ன செய்கிறோம்?

போன ஞாயிறு கிளியனூரில் ஒரு காதுகுத்து. வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, “தப்பா நெனைக்காதீங்க பாய்… கை எப்படி கீது?” என்றார்.

பந்தல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். இரண்டு கையையும் வெயிலில் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு அரிசி அண்டாவுக்குள் முழங்கை வரை இறக்கி, களைய ஆரம்பித்தார்.