வரைபடத்தில் ஏறாத புகை

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களே, நீங்கள் சாட்சிகள். தேனி பட்டிமன்ற மேடையில் நான் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, "எங்கள் வீட்டு மின்சாரச் செலவு இறங்கிவிட்டது, இதோ சான்று" என்று முழங்கியபோது முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவர்கள் நீங்கள். அந்தக் கைதட்டலை இன்று திருப்பித் தருகிறேன்.

அம்மா மார்க்கையன்கோட்டையில் பிறந்து குச்சனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நான் நடக்கப் பழகுமுன்பே அப்பா காலமானார். திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தே அம்மா என்னைக் கல்லூரிவரை கொண்டுவந்தார். யாரிடமும் கைநீட்டாதவர், தம் வலியையும் யாரிடமும் சொல்லாதவர். பின்னதை நற்குணம் என்று இதே மலரில் வேறு யாரேனும் எழுதியிருக்கக்கூடும். நான் எழுத மாட்டேன்.

வேலை முடிந்து வரும்போது தென்னை மட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார். அவற்றை எரித்தே உலை வைப்பார். இருமல் முற்றியபோது, இனி விறகுப் புகையே ஆகாது என்று தேனி மருத்துவர் சொன்னார். அன்றே இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தேன்.

ஆனால் அதற்கு முன்பே ஒரு பிழை செய்திருந்தேன். குண்டு பல்புகள், மின்விசிறிகள், பிரிட்ஜ் அனைத்தையும் மாற்றி, மின்சாரம் ஓடுவதைக் கைப்பேசியில் கோடாக வரைந்து காட்டும் கருவியையும் பொருத்தி, எங்கள் வீட்டில் மாதந்தோறும் யூனிட் குறையும் என்று ஊர்த் திருவிழா மேடையில் அறிவித்திருந்தேன். விறகில் வெந்த சோறு மின்சாரத்தில் வேகத் தொடங்கினால் யூனிட் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றம் தோல்வியன்று, அம்மாவின் மூச்சு. பரிசுகள் பல வாங்கிய என் வாய்க்கு இந்த எளிய வாதம் எட்டவில்லை. கோடு ஏறியதும் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"என்னம்மா, கோடு மேல ஏறுது?"

"சோறு வடிச்சேன், கொழம்பு வச்சேன். வேற என்னத்தடா செஞ்சேன்?"

"எல்லாத்துக்கும் அதையே போட்டா எப்படி? நான் மேடையில சொல்லிட்டேம்மா."

"சொன்னது சொன்னபடி எறங்கும். போ."

இறங்கியது. அந்தக் கோட்டைத்தான் தேனியில் உங்களுக்குக் காட்டினேன். நான் வீட்டில் இருக்கும் வேளைகளில் காப்பி இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்தே வந்தது. இருமல் மட்டும் குறையவில்லை. பழைய புகையின் மிச்சம் என்று நானே தீர்ப்பளித்தேன்.

மூச்சுத்திணறி அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த வாரம், வார்டு வாசலில் அமர்ந்து பழக்கத்தால் கைப்பேசியைத் திறந்தேன். அம்மா வீட்டில் இல்லாத அந்நாட்களின் நண்பகல் கோடும், வீட்டில் இருந்து சமைத்த நாட்களின் நண்பகல் கோடும் ஒரே மட்டத்தில் கிடந்தன. உடனிருந்த சித்தியிடம் காரணம் கேட்டேன்.

"நீ காலேஜுக்குப் போனதும் அக்கா கொல்லையில மட்டைய எரிக்கும். நீ வர்றதுக்குள்ள சாம்பல அள்ளி வாழைக்குப் போட்டுரும். 'ஏங்க்கா, டாக்டரு வேணாம்னு சொன்னாகல்ல'ன்னு கேட்டேன். 'எம்மகன் நாலு பேரு முன்னால சொல்லிட்டான். அவன் பேச்சு பொய்யாப் போகப்படாது'ன்னுருச்சு."

என் பேச்சு பொய்யாகவில்லை. அந்த வாரம் முடியுமுன் அம்மா காலமானார்.

தம் ஆட்டோவில் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், கடைசிவரை தலைமாட்டில் இருந்த சித்திக்கும், கருமாதிப் பந்திக்கு இலை அறுத்துத் தந்த தோட்டத்துப் பெண்களுக்கும் நன்றி. கைதட்டியவர்களுக்கு நன்றி சொல்ல நா எழவில்லை, பொறுத்தருள்க.

கருமாதி முடிந்த மாலையில், எனக்குத் துணையாக வந்து தங்கிய சித்தி ஒரு கட்டுத் தென்னை மட்டையோடு கொல்லைக்கு நடந்தார். "ரெண்டு பேருக்குத்தானடா, எதுக்கு வீணா கரண்டு?" என்றார். பந்தலில் எஞ்சியிருந்த அத்தனை பேரும் கேட்கச் சொன்னேன்:

"மட்டையக் கீழ போடுங்க சித்தி. இனிமே இந்த வீட்டுல நாந்தான் சமைப்பேன், கரண்டு அடுப்புலதான் சமைப்பேன். கோடு எம்புட்டு ஏறுனாலும் ஏறட்டும்."