நான் கட்சி மாறிய கதை

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகளும் மாப்பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டுக்கொண்டார்கள். கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளில் லினக்ஸ் உசத்தியா, பி.எஸ்.டி. உசத்தியா என்று. இரண்டுமே யூனிக்ஸ் என்ற பழைய மென்பொருளின் சாடையில் பிறந்தவை. நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். இந்தச் சண்டையை எழுபதுகளின் கடைசியிலேயே அடையாறில் போட்டுத் தோற்றவன் நான்.

அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மே மாதத்திலும் ஸ்வெட்டர் கேட்கும் கம்ப்யூட்டர் அறை. சூடான ரப்பரும் ஏ.சி. குளிரும் கலந்த அதன் வாசனை புதுச் செருப்புக் கடையில் அப்படியே இருக்கும். பாண்டி பஜாரில் இன்றும் சில கடை வாசல்களில் கால் நின்றுவிடுகிறது. செருப்பு வாங்கத்தான் நிற்கிறேன் என்று மனைவி நினைத்துக்கொள்கிறாள்.

அமெரிக்காவிலிருந்து எங்களுக்கு இரண்டு டேப்புகள் வந்தன. ஒன்று அசல் யூனிக்ஸ். மற்றது, அதையே ஒரு பல்கலைக்கழகத்தார் மெருகேற்றியது. திரையிலேயே எழுதித் திருத்தலாம். நான் மெருகின் கட்சி. கூட வேலை பார்த்த கல்யாணி அசலின் கட்சி. அதன் நிரல் முழுவதையும் அச்செடுத்து, மந்தைவெளியிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றபடியே படித்து முடித்தவர்.

“உங்களோடது வெறும் சைக்கிள், மேடம்” என்பேன்.

“இருக்கட்டும் சார். செயின் கழண்டா நானே மாட்டிப்பேன்.”

இருந்தது ஒரே இயந்திரம், ஆளுக்கொரு டிஸ்க். வாரத்தில் மூன்று நாள் அவருடையது ஓடும், மூன்று நாள் என்னுடையது.

ஒரு வியாழக்கிழமை, என் டிஸ்க் ஓடும்போது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது என் எட்டு மாத வேலையைக் காணோம். கோப்புகளின் பட்டியலைக் கேட்டால் ஒன்றுமே வரவில்லை. நகலும் எடுத்து வைக்கவில்லை, அவ்வளவு கெட்டிக்காரன்.

“குந்து சார் மொதல்ல. மூஞ்சே வெளுத்துக் கீது” என்று அட்டெண்டர் முனுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கல்யாணி ஜெயித்த முகம் காட்டவில்லை. “மேல்பூச்சுதான் சார் வேற. அடியில நான் படிச்ச அதே யூனிக்ஸ். பேருங்கதான் அழிஞ்சிருக்கும், உள்ள இருக்கறது அழிஞ்சிருக்காது” என்றார்.

டிஸ்கில் இருந்ததை வெறும் எண்களாக அச்சடித்து, தாளைத் தரை நீளத்துக்கு விரித்து, மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கோப்பும் எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் வட்டமிட்டபடியே நகர்ந்தார். நான் அவர் சொன்ன எண்களைத் தட்டினேன். சனிக்கிழமை மாலைக்குள் இரண்டைத் தவிர எல்லாம் திரும்பிவிட்டன.

நன்றி சொல்வதற்குப் பதில், “அந்த அச்சுப் பிரதியை எனக்கும் படிக்கக் குடுப்பீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“பஸ்ல உக்காந்து படிக்காதீங்க சார். தூங்கிடுவீங்க.”

நான்கு மாதம் படித்தேன். எவ்வளவு கொஞ்சமாக எழுதி எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று சில பக்கங்களில் சிரிப்பே வந்துவிட்டது. படித்து முடித்த அடுத்த திங்கட்கிழமை என் டிஸ்கிலும் அசலையே ஏற்றச் சொன்னேன். அன்றிலிருந்து, கணினி எத்தனை மாறினாலும், அந்தச் சாடையில் சிக்கனமானது எதுவோ அதுதான் என் கட்சி.

அந்த இயந்திரத்தைப் பிற்பாடு எடைக்குப் போட்டார்கள். அறை இருந்த கட்டடமும் இல்லை. இப்போது ஏதாவது புரியாவிட்டால் இணையத்தில் தேடச் சொல்கிறார்கள். தேடுகிறேன், நூறு பேர் நூறு பதில் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் கல்யாணி பக்கம் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, “மேடம், இது ஏன் இப்படிப் பண்ணுது?” என்று கேட்டால் போதும்.