நான்கு குதிரைவலு குறைந்த எஞ்சின்

வல்வெட்டித்துறையிலிருந்து தொலைபேசி வந்தபோது என் கராச்சில் ஒரு கார் இரைந்துகொண்டிருந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் வெளியே போய் நானே திரும்ப எடுத்தேன். குலம் அண்ணை காலமாகிவிட்டார் என்று அவருடைய மனைவி சொன்னார். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, இனி அவரிடம் சொல்லவே முடியாதே என்ற பதைப்பு. அதை மறைத்து என்ன பயன்?

படகு எஞ்சின்களில் தொடங்கிக் கார்களுக்கு வந்தவர் அவர். பழைய எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர் கடைந்து, கேட்டபடி புதிதாகக் கட்டித் தருவார். கட்டியதைக் கோப்பாயில் என்னிடம் கொண்டுவருவார். காரின் சில்லுகளை உருளைகளின் மேல் ஓடவிட்டுக் குதிரைவலுவை அளக்கும் டைனோ என்னிடம் இருக்கிறது. அச்சடித்த தாளை நீட்டினால் வரைகோட்டை அடியிலிருந்து விரலால் தடவுவார். "உச்சியைப் பாத்து என்ன ஐசே, ஏறின வழியைப் பாரும்" என்பார்.

வட்டுக்கோட்டைக்காரர் ஒருவரின் எஞ்சினுக்கு நூற்றிருபது குதிரைவலு வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வைகாசி மத்தியானம். மூன்று தரம் ஓட்டியும் நூற்றுப் பதினாறுதான். குலம் அண்ணை தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இது எந்தக் காத்தைக் குடிக்குதெண்டு உம்மடை மெசினுக்குத் தெரியுமோ?"

காலையில் இன்னொரு தரம் ஓட்டலாம் என்றார். வாடிக்கையாளருக்கு முன்னால் என் இயந்திரத்தைச் சந்தேகிக்கிறாரே என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. "மெசின் பொய் சொல்லாது அண்ணை" என்றேன். குலம் அண்ணை ஒரு பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வாடிக்கையாளரிடம் இருந்த தாள் படமாகிக் கைத்தொலைபேசிகளில் ஊர் சுற்றியது. அவரிடம் கார் கொண்டுபோவோர் குறைந்தார்கள். அவர் மறுபடி படகுகளோடு நின்றுவிட்டார்.

சூடான காற்றில் எஞ்சின் வலு குறையும். டைனோ வெப்பத்தை அளந்து அந்தக் குறைவை ஈடுசெய்யும். வெக்கையில் பழுதாகிவிடும் என்று அதன் வெப்பமானியை நான் கிணற்றடி மாமர நிழலில் கட்டியிருந்தேன். எஞ்சின் குடித்ததோ தகரக் கொட்டிலுக்குள் கொதித்த காற்றை. அதனால் மெசின் ஈடுசெய்தது போதவில்லை. சில மாதங்கள் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது. உடனே வெப்பமானியை உள்ளே மாற்றினேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் சொல்லியே விடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடித்து, படகுகளைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பினேன். என் கராச்சின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, நான் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். அந்த நாளின் பிரதி. அச்சில் காற்று வெப்பம் முப்பத்தொன்று என்றிருந்த இடத்தைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் நாற்பத்தொன்பது என்று குலம் அண்ணை பென்சிலால் எழுதியிருந்தார். கீழே கணக்கு. விடை நூற்றிருபது.

"உங்களிட்டைக் காட்டச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான் தம்பி. நீங்கள் தானாக் கண்டுபிடிச்சு வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

கண்டுபிடித்தேன் அக்கா, ஆனால் வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தாளை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்தத் தாள்தான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. கார் கொண்டுவருகிறவர்களின் கண்ணில் படும்படி டைனோவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அந்தப் பென்சில் எழுத்து என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்வதை, இந்த நினைவுக்குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கும் சொல்கிறேன். குலம் அண்ணை கட்டிய எஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிழையாக அளந்தவன் நான்தான்.