மாட்டுங்காவில் பதினொரு பொன்னாடை, தாராவி வழியில் ஓர் உரை

மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் தமிழில் அணு இயற்பியல் பேசுகிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததும், கல்யாணில் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கிளம்பினேன். தண்டவாள வேலைக்காக ஞாயிறுகளில் ரயிலைக் குறைக்கும் மெகா பிளாக். வண்டி மாட்டுங்காவில் நிற்காது என்று தாதரில் இறங்கி டாக்சி பிடித்தேன். ரயிலுக்குப் பதினைந்து ரூபாய், டாக்சிக்கு நாற்பது.

பேச வந்தவர் செல்வி, தாராவிப் பெண், ஆராய்ச்சி மாணவி. கொதிக்கும் அணுப்பொருளில் கன குவார்க் என்னும் எடைமிக்க நுண்துகள்களின் ஜோடிகள் என்ன ஆகின்றன என்பது தலைப்பு. என் பக்கத்து நாற்காலியில் அவருடைய அம்மா, தோல் பட்டறையில் பை தைப்பவர். "ஒம் மவ என்னதான் படிக்கான்னு பட்டறையில கேக்காவ. ஆறு வருசமா முழிக்கேன். இன்னைக்குத் தமிழ்ல கேட்டுட்டுப் போயிரணும்" என்றார்.

ஐந்து மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. தலைவருக்குப் பொன்னாடை, பொருளாளருக்குப் பொன்னாடை, ஹால் கொடுத்தவருக்கு, அவர் மருமகனுக்கு. பதினொன்று எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் போட்டோ வேறு. பன்னிரண்டாவது செல்விக்கு. அவர் இரண்டு ஸ்லைடு போட்டதும் செயலாளர் பக்கத்தில் வந்து, "ஹால் டைம் ஆயிடுத்தும்மா, ஷார்ட்டா முடிச்சுக்கோங்கோ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, "மருமகனுக்குப் போர்த்த டைம் இருந்ததே சார்" என்றேன். "நீங்க மெம்பரா?" என்றார். இல்லை. அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

வாசலில் செல்வியைப் பிடித்து மிச்சத்தைக் கேட்டேன். "வீட்டுக்கு நடந்துதான் போறோம் சார், வாங்க" என்றார். தாராவிக்கு அரை மணி நடை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"கன குவார்க்கும் அதோட எதிர்த்துகளும் ஒரு சோடிம்மா. ரெண்டு பெரிய அணுக்கருவ மோத விட்டா பயங்கர சூடு. அந்தச் சூட்டுல மத்த துகளெல்லாம் ரெண்டுக்கும் நடுவுல புகுந்துரும். ஒண்ணோட இழுப்பு இன்னொண்ணுக்கு எட்டாது, பிரிஞ்சிரும். எந்தச் சோடி எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு பாத்து, எம்புட்டு சூடுன்னு கணக்குப் போடுதோம்."

"எல்லாமா பிரியும்?"

"இறுக்கமா இருக்கது தாங்கும். தளர்வா இருக்கதுதான் முதல்ல போவும்."

"போனது போனதுதானா?"

"சூடு தணியும்போது பக்கத்துல எது கெடக்கோ அதோட சேந்துக்கும். பழைய சோடியாத்தான் இருக்கணும்னு இல்ல."

தாராவியின் தொண்ணூறடி ரோட்டு முனையில், பட்டறையில் அம்மாவோடு தைக்கும் பெண் ஒருவர், "கூட்டம் எப்படிக்கா?" என்று கேட்டார்.

"சோடி பிரியுதத வச்சுச் சூட்ட அளக்கா எம் மவ" என்றார் அம்மா. கையிலிருந்த பொன்னாடையைக் காட்டி, "இது சும்மா குடுத்தாவ."

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறு வருட உழைப்பைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது, அதைக் கொடுக்க மேடைக்கு மனசில்லை.

இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போகிறவர்கள் ஞாயிறென்றால் மெகா பிளாக் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள், பேச வந்தவரோடு நடங்கள். உரை அங்கேதான் நடக்கிறது.