கலந்த பிறகு அவள் எங்கே இருப்பாள்?

“அக்கா, வாசுகி கடவுளோட யூனியன் ஆகப் போறாளாம்!”

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, செந்தில் எங்கள் சமையலறையில் நின்று இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில், செந்திலும் அவன் மனைவி வாசுகியும் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். பொள்ளாச்சிக்காரர்கள். அவன் ஒரு பேங்கில் ஐ.டி. கான்ட்ராக்டர், அவள் வீட்டிலிருந்தே டெஸ்டிங் வேலை. கொஞ்ச நாளாக வாசுகி சனிக்கிழமை தோறும் லைப்ரரியில் கூடுகிற ஒரு சின்னக் குழுவுக்குப் போகிறாளாம். ரசவாதிகள், ரகசிய ஞானம் என்று மேற்கத்திய மறைஞானத்தைப் படிக்கிற அமெரிக்கர்கள்.

“எங்கப்பா மில்லுல யூனியன்ல இருந்தாரு. எனக்குத் தெரிஞ்ச யூனியன் அது ஒண்ணுதான். இது ஏதாவது கல்ட்டா, மூளைச்சலவை பண்ற கூட்டமா இருந்தா? நீங்க கூட வாங்கக்கா... ப்ளீஸ்.”

போனேன். பயத்தில் பாதி, ஆர்வத்தில் பாதி!

மெழுகுவர்த்தி, கறுப்பு அங்கி என்று கற்பனை செய்திருந்தவளுக்கு ஏமாற்றம்தான். டியூப்லைட், மடக்கு நாற்காலிகள், ஒரு டப்பா குக்கீஸ். ஏழெட்டுப் பேர். எங்களைப் பார்த்ததும் வாசுகிக்குத் திகைப்பு. ஆனால் பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து அவனுக்கு இடம் விட்டாள்.

பேசியவர் லிண்டா. என் வயதுதான் இருக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாராம். மேஜையில் ஒரு பழைய ஓவியத்தின் பிரதி: ஒரு ராஜாவும் ராணியும் கைகோத்து நிற்கிறார்கள். ரசவாதிகள் வெறும் தங்கம் செய்யப் பார்த்தவர்கள் இல்லையாம். பாத்திரத்துக்குள் இரண்டு பொருள்கள் கூடுவதை ஒரு கல்யாணமாகவே வரைந்தார்களாம். ஆன்மா தெய்வத்தோடு கூடுவதற்கும் அதே படம்தான்.

செந்தில் பொறுமையாகக் கேட்டான். பிறகு கையைத் தூக்கிவிட்டான்.

“அப்படிக் கலந்துட்டா, அப்புறம் அவ எங்க இருப்பா?”

ஆங்கிலத்தில்தான் கேட்டான். ஆனால் எல்லோரும் ‘ஆன்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் அவன் மட்டும் ‘ஷி’, அதாவது ‘அவ’ என்றதை நான் கவனித்தேன்.

லிண்டா கோபப்படவில்லை. “எங்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. கடலில் விழுந்த துளி மாதிரி காணாமல் போவதுதான் ஐக்கியம் என்பார்கள் சிலர். எனக்குக் கல்யாணம் என்பதுதான் பிடிக்கும். கல்யாணத்தில் யாரும் காணாமல் போவதில்லையே... உங்கள் மனைவி காணாமல் போய்விட்டாரா என்ன?”

சும்மா சிரிக்க வைக்கத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வாசுகி சிரிக்கவில்லை. செந்தில் பக்கம் திரும்பி, மெதுவாகத் தமிழில் சொன்னாள்:

“போயிட்டேனுங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே போயிட்டேன்.”

குளிர்காலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். “சின்ன ப்ராப்ளம்க்கா, சரியாயிடுச்சு” என்று செந்தில் முடித்துவிட்டிருந்தான். வயிற்றிலேயே ஒரு குழந்தை போய்விட்டது என்பதை அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

“பாப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்க நீங்க. கோயிலுக்குப் போனா எல்லாரும் ‘குட் நியூஸ் உண்டா’ன்னு கேக்கறாங்க. இங்க யாரும் எதுவும் கேக்கறதில்ல. சும்மா உக்காந்திருக்க விடறாங்க. கரைஞ்சு போயிட்டா நல்லாயிருக்கும்னுதான் வந்தேன்.”

“பேசினா நீ அழுவியேன்னுதான் வாசு...”

“அழுதா என்னங்க? சேர்ந்து அழுதிருக்கலாமல்ல?”

அந்த அறையில் தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் நான் ஒருத்திதான். ஜன்னல் வழியே பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செந்தில் அழுகிற சத்தம் கேட்டது. லிண்டாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. டிஷ்யூ பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, “கொஞ்ச நேரம் மௌனமாக இருப்போம்” என்றார். அவ்வளவுதான்.

எல்லோரும் கண்ணை மூடினோம். நான் கண்ணைத் திறந்தபோது வாசுகி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

போன வாரம் கோயில் பிரசாத வரிசையில் நாங்கள் மூவரும் நின்றிருந்தபோது, தெரிந்த ஆன்ட்டி ஒருவர் வழக்கம்போலக் கேட்டார். “என்னப்பா, குட் நியூஸ் ஏதாவது?” நான் பேச்சை மாற்ற வாயெடுத்தேன். செந்தில் முந்திக்கொண்டான்.

“இருந்துச்சுங்க ஆன்ட்டி. பொண்ணு. தங்கல.”

ஆன்ட்டி வரிசையை விட்டு விலகி வந்தார். பிறகு வாசுகியை அணைத்துக்கொண்டு, “எனக்கும் ஒண்ணு அப்படிப் போச்சும்மா” என்றார். யாரிடமும் சொன்னதில்லையாம்.

தெய்வத்தோடு கலப்பது என்றால் என்ன? லிண்டாவின் குழுவுக்கே இன்னும் முடிவு தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஆனால், காணாமல் போகப் போன ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள். இது எந்தக் கணக்கில் வரும்?

இப்போது இருவரும் சேர்ந்தே லிண்டாவின் குழுவுக்குப் போகிறார்கள். மௌனத்துக்குக் கண்ணை மூடிய இரண்டாவது நிமிடமே செந்தில் குறட்டை விடுகிறானாம் — ஐக்கியத்தில் அதுவும் ஒரு நிலைதான் போலிருக்கிறது!