கேப்பா, பேட்டரியா?

எங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டு என்றால் ஊரார் கொஞ்சம் பயப்படுவார்கள். பன்றிகள் மட்டும் பயந்ததே இல்லை.

என் கணவருக்கு அவருடைய அப்பா வழியாக லைசென்ஸோடு வந்தது அது. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து, பின்னால் ஒரு குட்டிச் செம்புத் தொப்பியை மாட்டி விசையை இழுத்தால் வெடிக்கும். அந்தத் தொப்பிக்குத்தான் கேப்பு என்று பெயர். குலசேகரத்துக்கு மேலே காட்டோரமாக இருக்கும் எங்கள் விளையில் பயிரைக் காக்கத்தான் லைசென்ஸ். பயிரே இல்லாமல் வருடங்கள் போயின. அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவதை மட்டும் விடவில்லை.

அந்த வருடம் நான் மரச்சீனி, அதுதான் மரவள்ளிக் கிழங்கு, நட்டேன். யாரையும் கேட்கவில்லை. கம்பு வெட்டி, மண் கூட்டி, மூடு மூடாக, ஒவ்வொரு செடியாக நானே நட்டது. முதல் மூடு ஒன்றைக் கிழங்கோடு பிடுங்கி அறுப்பின் பண்டிகைக்குச் சர்ச்சில் கொடுப்பதாக வீட்டில் சொல்லி நேர்ந்தும் கொண்டேன். வருடா வருடம் கடையில் வாங்கிய தேங்காயோடு போய் நிற்கிறவள் நான். காணிக்கைகளை ஏலம் விடும்போது, ‘இது இன்னார் விளையில் விளைந்தது’ என்று என் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அப்படியொரு ஆசை.

கிழங்கு முற்றுகிற சமயம் பார்த்துப் பன்றி வந்தது. “சுடவெல்லாம் வேண்டாம், சும்மா ஒரு வெடி போடுங்க, ஓடிரும்,” என்று அவரிடம் சொன்னேன். அவரும் துப்பாக்கியை எடுத்தார். என் கெட்ட காலம், கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்த என் அண்ணன் லீவுக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தான்.

“மாப்ள, இன்னுமா கேப்பு? வெளிநாட்டுல இப்ப பேட்டரியாக்கும். பட்டன அமுக்கினா உள்ள ஒரு பொறி, தீந்துது. மழை பெஞ்சா கேப்பு சதிக்கும், பேட்டரி சதிக்காது.”

“கரண்டே இல்லாத ஊருல பேட்டரிய எங்க கொண்டு சார்ஜ் பண்ணுவிய மச்சான்?”

பாதி நாள் மின்வெட்டு இருந்த காலம் அது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியாயமான கேள்வி ஒன்று கிடைத்துவிட்டால் ஆண்கள் எழுந்து போய் வேலை பார்ப்பார்களா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலையில் விளைக்குப் போனால், ஒரு வரிசை அப்படியே மல்லாந்து கிடக்கிறது. ஓடி வந்து சொன்னேன்.

“பாத்தியளா மாப்ள, பேட்டரி இருந்தா இது நடக்குமா?” என்றான் அண்ணன்.

“கேப்பு போட நீங்க எங்க விட்டிய?” என்றார் இவர்.

பிறகு தினமும் இதே கூத்துதான். நான் போய் நாசத்தைச் சொல்வேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துத் தன் கட்சிக்கு ஆதாரமாக்கிக்கொள்வார்கள். அண்ணன் என் அடுப்படியிலிருந்து கேஸ் லைட்டரை எடுத்துப் போய் டக் டக்கென்று அடித்து, “இந்தப் பொறிதான் மாப்ள,” என்று பாடம் எடுத்தான். நான் தீப்பெட்டி தேடி அலைந்தேன். இவர் கேப்புகளைப் பழைய பனியனால் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். துப்பாக்கியில் பேட்டரி மாட்டினால் ஸ்டேஷனில் கேள்வி வருமா என்று வேறு பேச்சு. மாட்டினால்தானே கேள்வி!

“ஏட்டி, டீ போடு,” என்றான் அண்ணன்.

“பன்னிக்கும் சேத்துப் போடட்டா?” என்று கேட்டேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நானே விடியுமுன் போய்த் தகரம் தட்டினேன். பன்றிகள் முதலில் ஓடின, பிறகு பழகிக்கொண்டன. கடைசி மூடு போன அன்றும் வந்து சொன்னேன். அன்று நல்ல மழை. மழையில் கேப்பு வெடிக்குமா என்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு மறுபடியும் ஒரு தேங்காயோடு போனேன். ஏலத்தில் நல்ல கொழுத்த மரச்சீனி மூடு ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். கொடுத்தவர் பேரைச் சொல்லுமுன்பே என் கணவர் எழுந்து விலை கேட்டார். அண்ணன் விடுவானா, ஏற்றிக் கேட்டான். இவர் அதற்கும் மேலே போனார். பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துப் பெருமையாக ஒரு சிரிப்பு வேறு. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அதை என்னுடையது என்று நினைத்துவிட்டார்கள். கடைசியில் இவர்தான் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அதை அவித்து, சாளை மீன் குழம்போடு இரண்டு பேருக்கும் வைத்தேன். மாவாக வெந்திருந்தது.

“நம்ம விளைல உள்ளதுக்கு ருசியே வேற மச்சான்,” என்றார்.

“இது நம்ம விளைல உள்ளதில்ல. நம்ம விளைல ஒரு மூடுகூட மிச்சமில்ல,” என்றேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இவர் பிட்ட கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“தினமும் சொன்னேன். கேப்புதான் நல்லதுன்னு பதில் சொன்னிய.”